கேப்பைக் கூழில் கை வைக்கட்டும்

மேலூர்ப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போகும்போது தாய்மார் கேட்பது இதுதான்: "டீச்சர், புள்ளைக்கு என்ன பொம்மை வாங்கலாம்?" கடைக்குப் போகுமுன் கொடியில் காயும் சேலையைப் பாருங்கள் என்பேன்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும்போது உங்கள் முகம் இருக்கிற தூரம். வெளிர் நிறத்தைவிட அடர் நிறமும் வெள்ளையும் சேர்ந்தால் சட்டென்று கண்ணில் படும். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடி இருந்தால், முந்தானையை அந்தத் தூரத்தில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் கண் கூடவே வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், நிறுத்திவிடுங்கள். சேலையைத் தொட்டிலில் தொங்கவிட்டுப் போகக் கூடாது.

விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டு, பக்கத்திலேயே உட்காருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு 30 நிமிடமாவது வேண்டும். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்கத்தான்.

ஆறு மாதம் முடிந்து கூழ் ஊட்ட ஆரம்பித்ததும் எனக்குப் பிடித்த விளையாட்டு வரும். நன்றாக ஆறிய கேப்பைக் கூழை ஒரு கரண்டி தட்டில் ஊற்றிக் குழந்தை முன்னால் வையுங்கள். முதலில் ஒரு விரல் போகும், வெடுக்கென்று திரும்பி வரும். பிசுபிசுப்பை உற்றுப் பார்க்கும். அப்புறம் உள்ளங்கையால் ஒரு அடி, பிறகு வாய். "சோத்துல என்ன வெளாட்டு?" என்று அப்பத்தா அதட்டுவார். தொட்டுப் பழகின உணவைக் குழந்தை பயமில்லாமல் வாயில் வைக்கும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். உடனே துடைக்க ஓடாதீர்கள். தொடப் பிடிக்காத பிள்ளையின் கையை இழுத்து அமுக்கவும் வேண்டாம். கரண்டியைக் கொடுங்கள், அதை வைத்துக் கிண்டட்டும்.

ஒரு வயதுக்கு மேல் இரண்டு எவர்சில்வர் டம்ளரும் கொஞ்சம் தண்ணீரும் போதும். இதிலிருந்து அதற்கு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்திலிருந்து எழுந்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டே எழுந்திருங்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தாலும் ஆபத்து. புளியங்கொட்டை, சோழி, பாசிமணி எல்லாம் மூன்று வயதுவரை கண்ணிலேயே படக் கூடாது. குன்றிமணி விஷம், எந்த வயதிலும் வேண்டாம்.

கிலுகிலுப்பையைக் காதருகே ஆட்டாமல், பார்வைக்குப் படாத பக்கம் ஒரு முழம் தள்ளி ஆட்டுங்கள். ஆறு மாதமாகியும் சத்தம் வரும் பக்கம் திரும்பவில்லை என்றால், "பேச ஆரம்பிக்கட்டும், பார்ப்போம்" என்று காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டி, காது கேட்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.