வன்னியில் கிடைக்கும் பழைய மொறிஸ் மைனரின் வரலாற்றைச் சரிபார்க்கும் முறை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியச் சிறு காரை விற்க வருபவர் "எல்லாம் ஒரிஜினல்" என்று சொன்னால், அந்தக் காரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை, திரும்பத் திரும்ப நேர்ந்த இடப்பெயர்வு, 2009 இன் இறுதிப் போர் ஆகிய மூன்றையும் இந்த மண்ணிலேயே கடந்த ஒரு வாகனம் எதையும் மாற்றாமல் ஓடியிருக்க முடியாது. ஆகவே எது மாற்றப்பட்டது, எப்போது, ஏன் என்பதற்கு விடை காண்பதே சரிபார்ப்பவரின் வேலையாகும்.

முதலில் காரின் வகையை உறுதி செய்ய வேண்டும். 1948 இல் வெளிவந்த முதல் வகைக்கு 918 சீசீ எஞ்சின் இருந்தது. அதன் தொடக்ககால கார்களில் முகப்பு விளக்குகள் கிறில்லுக்குள் தாழ்வாக அமைந்திருந்ததால் அவை இன்று அரியவையாகக் கருதப்படுகின்றன. 1952 இல் 803 சீசீ எஞ்சினும், 1956 இல் 948 சீசீ எஞ்சினும், 1962 இல் 1098 சீசீ எஞ்சினும் வந்தன. நடுவில் பிரிந்த முன்கண்ணாடி 1956 இல் ஒரே வளைந்த கண்ணாடியாக மாறியது. கண்ணாடியும் விளக்கும் ஒரு காலத்தையும் எஞ்சின் இன்னொரு காலத்தையும் காட்டினால் அது மோசடி என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. பழைய உடலில் பிந்திய எஞ்சினை ஏற்றுவது வழமையாக நடந்த வேலைதான். ஆனால் அரிய முதல் வகைக்குரிய விலையை அப்படிப்பட்ட காருக்குக் கேட்பது முறையன்று.

அடுத்து பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் பொருத்தப்பட்ட அடையாளத் தகட்டைப் பார்க்க வேண்டும். 1950களின் நடுப்பகுதிக் கார்களில் அடிச்சட்ட இலக்கம் மூன்று எழுத்துகளோடு தொடங்கும். முதலாவதான எஃப் மைனரைக் குறிக்கும், இரண்டாவது உடலின் வகை, மூன்றாவது நிறம். மூன்றாவது எழுத்து ஏ என்றால் அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து கறுப்பாக வந்தது. டாஷ்போட்டின் உட்புறத்தில் சிறிது சுரண்டினால் அடியில் கறுப்பே தெரிய வேண்டும். அங்கே பச்சை தெரிந்தால் தகடோ உடலோ வேறொரு காருக்குரியது. எழுத்துகளுக்கு அடுத்த இலக்கம் 2 என்றால் வலப்பக்கச் சுக்கானோடு ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டது. 1 என்றால் பிரித்தானிய உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டது என்பதால், அது இங்கே எப்படி வந்தது என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும். தகட்டைத் தாங்கும் ஆணிகளையும் பார்க்கத் தவறக் கூடாது. சுற்றிலும் பழைய பெயின்ற் இருக்க, ஆணி மட்டும் பளபளத்தால் தகடு கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது.

எஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே புளொக்கில் ஒரு சிறு தகட்டில் இருக்கும். 9எம் என்று தொடங்கினால் 948 சீசீ, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098 சீசீ. அதைத் தொடரும் எழுத்துகளில் எச் என்பது உயர் அமுக்கத்தையும் எல் என்பது தாழ் அமுக்கத்தையும் குறிக்கும். வேறெங்கும் ஒரு சிறு விவரமாகக் கடந்து போகக்கூடிய இந்த எழுத்துக்கு வன்னியில் தனிப் பெறுமதி உண்டு. பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானதால், 2002 இல் யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 பாதை திறக்கப்படும் வரை இங்கு கார்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் உயர் அமுக்கத்தைத் தாங்காது நேரத்துக்கு முன்பே எரிந்து எஞ்சினில் தட்டல் சத்தம் எழும் என்பதால் தாழ் அமுக்க எஞ்சின் அதற்கு இசைந்து கொடுத்தது. உயர் அமுக்க எஞ்சின் என்றால் ஹெட்டின் கீழே தடித்த கஸ்கெற் வைத்தோ தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளியோ சமாளித்தார்கள். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்ததால் பெயாரிங்குகள் விரைவில் தேய்ந்தன. தொண்ணூறுகளில் கிளிநொச்சியில் ஓடியது என்று சொல்லப்படும் காரில் இப்படி ஒரு தடயமும் இல்லாமல், எஞ்சினைத் திறந்து செய்த வேலைக்கு ஒரு விளக்கமும் இல்லாமல் இருந்தால், அந்தக் கதையை நான் நம்பமாட்டேன்.

ஆவணங்களுக்கு வருவோம். 1950களின் பிற்பகுதி வரை ஈ.வை., சீ.என். போன்ற எழுத்திலக்கங்களும் அதன்பின் நடுவில் 'சிறீ' எழுத்துள்ள இலக்கங்களும் வழங்கப்பட்டன. ஆகவே இலக்கத் தகடே பதிவுக் காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடும். பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில், இன்று பதிவில் உரிமையாளராக இருப்பவர் யார் என்று கேட்டறிய வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பதிவு உரிமையாளர் இறந்திருப்பார், அல்லது கனடாவில் இருப்பார். கார் கையெழுத்து மட்டும் இட்ட வெற்றுப் படிவத்தோடு நாலு கை மாறியிருக்கும். புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் 2009 இல் கைவிடப்பட்ட வாகனங்கள் ஏராளம் என்பதால், காரை அங்கே விட்டுச் சென்ற குடும்பம் அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். உரிமையாளரோ வாரிசுகளோ நேரடியாகச் சம்மதிக்காத காரை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்கக் கூடாது.

இங்கிலாந்தின் கெய்டன் கிராமத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகம், கட்டணத்துக்கு மரபுச் சான்றிதழ் வழங்குகிறது. கட்டப்பட்ட நாள், முதல் எஞ்சின் இலக்கம், நிறம், அனுப்பப்பட்ட இடம் ஆகியவை அதில் கிடைக்கும். சான்றிதழ் வரும் வரை முற்பணம் கொடுக்காதிருப்பது நல்லது.

திருத்த வேலையைச் சோதிக்க ஒரு காந்தமும் ரோர்ச்சும் போதும். மைனருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே சுமை தாங்குகிறது. அதனால் கதவடிப் பெட்டிகள், கியர்பொக்ஸின் கீழுள்ள குறுக்குத் தகடு, பின் வில்லுகள் தொங்கும் இடங்கள், ஜக் வைக்கும் இடங்கள் ஆகியவற்றில் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே இரும்புக்குப் பதில் ஓட்டையை நிரவும் பட்டிப் பசைதான் இருக்கிறது. பெயின்ற் அடிப்பதற்கு முன் எடுத்த படங்களைக் கேட்க வேண்டும். நேர்மையான ரிங்கர் (தகட்டு) வேலைக்காரர் அவற்றை மகிழ்ச்சியோடு காட்டுவார். மரச்சட்டமுள்ள ட்ரவலர் வகையானால் அந்த மரமும் அலங்காரமன்று, உடலின் பகுதியே என்பதால் மூலைப் பொருத்துகளில் உக்கல் இருக்கிறதா என்று கூரான கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும்.

காரை ஓட்டிய முதியவர்களிடம் "பழைய காரா?" என்று கேட்டால் ஆம் என்பார்கள், எந்த இடப்பெயர்வின்போது யாரை ஏற்றியது, எங்கே நின்றுபோனது, யார் பழுது பார்த்தார் என்று கேட்டால்தான் சரிபார்க்கத்தக்க விவரம் வரும். இரண்டு பேரைத் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை மாங்குளத்தில் நான் பார்த்த காரில், பொனற்றுக்குள் பெற்றோல் போத்தல் தொங்கவிடுவதற்காக ஒட்டப்பட்ட கம்பி வளையம் ஒன்று இருந்தது. புதிய உரிமையாளர் அதை வெட்டி நிரவிப் பெயின்ற் அடிக்கச் சொல்லியிருந்தார். அப்படி ஒன்று உங்கள் காரில் இருந்தால் படமெடுத்து, துருவைத் துடைத்து, அப்படியே விட்டுவிடுங்கள்.