சின்னப் பசங்கள ஓடியாட விடுறதுல நாம பண்ற தப்புங்க

எங்க பொண்ணுக்கு காது குத்துனப்ப தாய்மாமன் சீரோட ஒரு வாக்கரும் வந்துச்சு, அப்ப அவளுக்கு 8 மாசம். ரெண்டாம் நாளே வாசப்படில சக்கரம் எறங்கி குப்புற கவுந்துட்டா, நல்லவேளை உதடு கிழிஞ்சதோட போச்சு. அதுல போட்டா சீக்கிரம் நடந்துடும்னு நாங்களும்தான் நம்புனோம். ஆனா அதுல புள்ள நடக்கறதே இல்லங்க, நுனிக்கால்ல தரைய தள்ளிட்டுப் போகுது, விழாம நிக்க இடுப்பும் காலும் பழகணும்ல, அந்த வேலைய சக்கரமே பாத்துக்குது. கனடாவுல 2004லயே வாக்கர் விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, நம்ம கடலூர்ல இன்னும் கடைவாசல்ல தொங்குது.

நடக்கறதுக்கு அப்படி என்ன அவசரம்? தனியா நடக்கறது 8 மாசத்துலயும் வரலாம், 17 மாசத்துலயும் வரலாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. எதிர்வீட்டுப் புள்ள பத்து மாசத்துல நடந்துச்சுன்னு அத்தை சொல்றத காதுல வாங்காதீங்க. ஒன்றரை வயசு தாண்டியும் நடக்கலன்னா மட்டும் டாக்டர்ட்ட காட்டிடுங்க. புள்ள தவழ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம செய்ய வேண்டியது, முழிச்சிருக்கப்ப பாய்ல குப்புற போட்டு பக்கத்துலயே உக்காந்து விளையாடுறது, ஒரு நாளைக்கு கொஞ்சம் கொஞ்சமா சேத்து அரை மணி நேரம். அழுதா தூக்கிக்கலாம், அப்புறம் திரும்ப போடுங்க.

அடுத்தது "பாத்து, விழுந்துடுவ!" இத நான் ஒரு நாளைக்கு நாப்பது தடவ சொல்லிருப்பேன். புள்ளைக்கு அதுல இருந்து பயம் மட்டும்தான் போய்ச் சேருது, என்ன செய்யணும்னு தெரியல. "கம்பிய கெட்டியா புடி, கால இந்தப் படில வை"ன்னு சொன்னா அதுவே எறங்கிடுது.

சோறு ஊட்ட செல்லு, வண்டில போக செல்லு, சத்தம் போடாம இருந்தா "சமத்து". 3, 4 வயசுப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் ஆட்டம் வேணும், அதுல 1 மணி நேரமாவது மூச்சு வாங்கற மாதிரி ஓடணும். ஒரே மூச்சுல இல்ல, நாள் பூரா பிரிச்சு பிரிச்சு வந்தாலே போதும். 2 வயசு வரைக்கும் செல்லே வேணாம்.

எனக்கு ரொம்ப எரிச்சலா இருக்கறது பந்து விஷயம். பையனுக்கு பந்து, பொண்ணுக்கு சொப்பு சாமான்! ஓடறது தானா வந்துடும், ஆனா எறியறதும் புடிக்கறதும் யாராச்சும் எதிர்ல நின்னு திரும்பத் திரும்ப போட்டாத்தான் வரும், பொண்ணுக்கு பந்தே குடுக்காம "அவளுக்கு விளையாட்டு வராது"ன்னா எப்படி? முதல்ல டென்னிஸ் பால் போடாதீங்க, கண்ண மூடிக்கும். பெரிய மெத்து பந்து போதும், பலூன்னா இன்னும் மெதுவா வரும் (வெடிச்சா துண்ட உடனே பொறுக்கிடுங்க, வாய்ல போட்டா தொண்டைய அடைச்சுடும்).

நாலு வயசுலயே ஒரே ஒரு ஆட்டத்துக்கு கோச்சிங்ல சேக்கறதும் வேணாம். நொண்டி, பாண்டி, கல்லா மண்ணா இதுலயே குதிக்கறது, ஒத்தக்கால்ல நிக்கறது, சட்டுனு திரும்பறது எல்லாம் வந்துடுது, ஃபீஸும் இல்ல.

மத்தியான வெயில்ல கூட்டிட்டுப் போயிட்டு "புள்ளைக்கு வெளிய புடிக்கல"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. வெயில் தாழ்ந்ததும் எங்க கடலூர் சில்வர் பீச் மணல்ல செருப்பக் கழட்டிட்டு விடுங்க, கண்ணாடித் துண்டு கிடக்கான்னு பாத்துக்கணும், அலைப் பக்கம் போனா கைய விடக் கூடாது. பாண்டிச்சேரிக்காரங்களுக்கு பீச் ரோட்டுல சாயந்தரம் 6 மணிக்கு மேல வண்டியே கிடையாது, குடுத்து வெச்சவங்க. ஐப்பசி, கார்த்திகை மழைல மாட்டிக்கிட்டா எங்க வீட்ல ஹால்லயே சாக்பீஸ்ல பாண்டிக் கட்டம்தான், பாட்டி திட்டிக்கிட்டே தொடைக்கும், அப்புறம் அதே பாட்டிதான் நொண்டி எப்படின்னு சொல்லியும் குடுக்கும்.