'லைன்' என்ற சொல்லைப் பொருள் பிரித்துப் படிக்கும் முறை

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தமிழ் வழியில் படித்து, மேல் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறும் மாணவர்கள் நீளமான சொற்களை எப்படியோ மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பழகிய சின்னச் சொற்களே அவர்களைச் சிக்கவைக்கின்றன. அத்தகைய சொல் ஒன்றை எப்படி அணுகுவது என்பதை 'லைன்' என்ற சொல்லைக்கொண்டு படிப்படியாக விளக்குகிறேன். ஒரு நோட்டும் ஓர் ஆங்கில அகராதியும் இருந்தால் போதும்.

படி 1: தெரிந்ததை முதலில் எழுதுங்கள்

அகராதியைத் திறக்குமுன், நம் பேச்சில் இச்சொல் வரும் இடங்களை நோட்டில் எழுதுங்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய குடியிருப்பு லைன் வீடு. லயம் என்றும் சொல்கிறோம். மின்கம்பத்தில் ஏறுபவர் லைன்மேன். ரேஷன் கடையில் நிற்பது லைன். மழைக்காலத்தில் போனில் கிடைக்காமல் போவதும் லைன்தான். 1924 ஆம் ஆண்டு வெள்ளம் அழிக்கும்வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயிலின் பாதையும் அதே பெயரைத்தான் பெறும். இவை அனைத்தும் ஆங்கிலத்திலும் செல்லும். ஆனால் ஒரு பெண்ணை 'லைன் போடுவது' என்று இளைஞர்கள் பேசுவது நம்மூர்ச் சரக்கு. அதை ஆங்கிலக் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள்.

படி 2: வேரைப் பிடியுங்கள்

இலத்தீனில் 'லினும்' என்பது ஆளிச்செடியைக் குறிக்கும். அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. லைன் அதிலிருந்து வந்தது, லினன் துணியும் அதே குடும்பம். ஆகவே இழுத்துப் பிடித்த ஒரு நூலை மனத்தில் வைத்துக்கொண்டு, முதல் படியில் எழுதியவற்றை மறுபடி பாருங்கள். நூலைப் போல நேராகத் தெரிவது கோடு. நூல் பிடித்தாற்போல் அடுத்தடுத்து நிற்பது வரிசை. இரு முனைகளை இணைப்பது கம்பி, தொலைபேசித் தொடர்பு, ரயில் பாதை. இப்பக்கம் அப்பக்கம் என்று பிரிப்பது எல்லை. 1914 ஆம் ஆண்டின் மக்மகான் கோடும் 1947 ஆம் ஆண்டின் ராட்கிளிஃப் கோடும் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. நான்கு கிளைகளையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொல் இத்தனை வேலை செய்வதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை: நம் 'வரி' பாட்டிலும் வரும், புலியின் முதுகிலும் வரும், அரசாங்கத்துக்கும் கட்ட வேண்டும், மலையாளத்தில் அதே 'வரி'யில் ஆட்களும் நிற்பார்கள்.

படி 3: பக்கத்துச் சொற்களைப் பாருங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். 'இன் லைன்' என்றால் வரிசையில். பின்னால் 'வித்' சேர்ந்துவிட்டால் 'அதற்கு ஏற்ப' என்று பொருள் மாறும். 'அவுட் ஆஃப் லைன்' என்பது முறை தவறிய நடத்தையைச் சொல்லும். எழுவாயும் பொருளை மாற்றும். 'ஹிஸ் பிரதர் இஸ் ஆன் தி லைன்' என்றால் அண்ணனோ தம்பியோ போனில் காத்திருக்கிறார். 'ஹிஸ் ஜாப் இஸ் ஆன் தி லைன்' என்றால் அவருடைய வேலையே போய்விடும் நிலையில் இருக்கிறது. 'ஹோல்ட் தி லைன்' என்பதைத் தொலைபேசியில் கேட்டால் காத்திருக்கவும், போர்ச் செய்தியில் படித்தால் பின்வாங்காமல் நிற்பதாகப் புரிந்துகொள்ளவும் வேண்டும். 'டிராப் மீ எ லைன்' என்பதற்கு நாம் விளக்கமே தேட வேண்டாம். ஊருக்குப் போனதும் இரண்டு வரி எழுதிப் போடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது அதுதான்.

படி 4: வினைச்சொல்லாக வருகிறதா என்று சோதியுங்கள்

'ட்ரீஸ் லைன் தி ரோடு' என்ற வாக்கியத்தில் மரங்கள் சாலையோரம் அணிவகுத்து நிற்கின்றன. 'தி கோட் இஸ் லைன்ட் வித் வுல்' என்பதில் வரிசை எதுவும் இல்லை. கோட்டின் உட்புறத்தில் கம்பளி வைத்துத் தைத்திருக்கிறார்கள். தையற்காரர் சொல்லும் லைனிங் துணி இதுவே. முற்காலத்தில் உள்துணியாக லினன் வைத்துத் தைத்ததால் வந்த வினை என்பதால், பல அகராதிகள் இதை எண் 2 இட்டுத் தனிச் சொல்லாகவே தருகின்றன. சட்டைப்பைக்கு உட்பக்கம் துணி வைப்பதுபோலப் பணம் வைப்பவரை, அதாவது முறைகேடாகச் சம்பாதிப்பவரை, 'லைன் ஹிஸ் பாக்கெட்ஸ்' என்று குறிப்பதும் இதன் வழி வந்ததே.

படி 5: கூட்டுச்சொற்கள்

'ஏர்லைன்' எளிது. 'பாட்டம் லைன்' கணக்கின் கடைசி வரி. அதாவது கூட்டிக் கழித்து மிஞ்சியது. 'டெட்லைன்' மட்டும் ஊகத்துக்கு அடங்காது: 1864 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆண்டர்சன்வில் சிறை முகாமில், கைதி தாண்டினால் சுடப்படும் எல்லைக்கு இப்பெயர் வழங்கியது, கெடு நாள் என்ற பொருள் பிறகு வந்தது.

படி 6: பயிற்சி

பின்வரும் மூன்றிலும் லைனுக்குப் பதில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துப் பாருங்கள்: 'தி ஆக்டர் ஃபர்காட் ஹிஸ் லைன்ஸ்', 'ஷீ லைன்ட் தி பாக்ஸ் வித் பேப்பர்', 'வாட் லைன் ஆஃப் வொர்க் ஆர் யூ இன்?'. வசனம், உள்ளே காகிதம் விரித்தல், தொழில் என்று விடை வந்திருந்தால் சரி. இரண்டாவதில் 'வரிசை' என்று எழுதியவர்கள் நான்காம் படியை மீண்டும் படித்துவிட்டு, அகராதியில் எண் 2 இட்ட பதிவைப் பாருங்கள்.