டிப்பின் ஓரத்தைக் கவனியுங்கள்

மதுரை கே.கே. நகர் பக்கம் ஒரு பில்லியர்ட்ஸ் ஹாலில் மார்க்கராக, அதாவது புள்ளி குறித்து மேசையைப் பார்த்துக்கொள்பவனாக, இருக்கிறேன். "அண்ணே, சைடு வச்சா வழுக்குது, டிப்ப மாத்திக் குடுங்க" என்று பையன்கள் க்யூவை, அதாவது பந்தடிக்கும் கோலை, நீட்டாத நாளே கிடையாது. சைடு வைப்பது என்றால் பந்தின் நடுவை விட்டுப் பக்கவாட்டில் அடிப்பது; டிப் என்பது க்யூவின் நுனியில் ஒட்டிய சின்னத் தோல் துண்டு. வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் மாற்றவே தேவையிருக்காது. தோல் நிறைய மிச்சம் இருக்கும், அதன் வடிவம்தான் கெட்டிருக்கும்.

டிப் வெள்ளைப் பந்தைத் தொடுவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். அதற்குள் அந்தத் தோல் அமுங்கி மீள வேண்டும். அடி சேரச் சேர மீளும் அளவு குறைகிறது. நடுப்பகுதி இறுகித் தட்டையாகிறது, அமுங்கிய தோல் பக்கவாட்டில் பிதுங்குகிறது. கொத்தனார் அடித்து அடித்து உளியின் தலை விரிந்திருக்குமே, அதே மாதிரி டிப், க்யூவின் நுனியில் அதைத் தாங்கும் பித்தளை வளையத்துக்கு வெளியே வழிந்து நிற்கும். பூல் என்கிற பில்லியர்ட்ஸ் வகையை ஆடுகிறவர்கள், பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக்குக்கும் மற்ற அடிகளுக்கும் ஒரே க்யூவை வைத்துக்கொண்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஒரே தோலில் வெட்டிய மென்மையான டிப் அதிகம் பிதுங்கும். பன்றித்தோலை அடுக்கி ஒட்டிய லேயர் டிப் கொஞ்சம் தாங்கும்.

நம் ஊர் வானிலைக்கும் பங்கு உண்டு. சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்த க்யூவில் தோல் காய்ந்து இறுகும், பசையும் விட்டுப்போகும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறித் தோல் இளகும்.

வடிவத்தைச் சரிபார்க்க ஒரு ரூபாய் நாணயம் போதும். டிப்புக்குப் பின்னால் நாணயத்தைப் பிடித்து, இரண்டு வளைவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டிப் அதைவிடத் தட்டையாக இருந்தால், பந்தின் நடுவை விட்டு விலகி அடிக்கும்போது டிப்பின் விளிம்பு போய் இடிக்கும். வழுக்குவது அதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். மேல்பக்கத்தைத் தினமும் ராவுகிற பழக்கம்தான் டிப்பின் ஆயுளைத் தின்கிறது. பிதுங்கிய ஓரத்தில் தொடங்குங்கள். டிப்பின் முகத்தைக் கெட்டியான பலகையில் கவிழ்த்து வைத்து, புது பிளேடால் வளையத்தை ஒட்டிக் கீழ்நோக்கி மெல்லிசாகச் சீவுங்கள். வளையத்திலும் மரத்திலும் செலோடேப் சுற்றிவிட்டு, நைஸ் உப்புத்தாளால் ஓரத்தை மட்டும் சமன் செய்யுங்கள். அப்புறம் விரலை நனைத்து ஓரத்தில் லேசாகத் தடவி, ஒரு தோல் துண்டால் சூடு ஏறும்வரை வேகமாகத் தேயுங்கள். ஓரம் இறுகிக் கருத்து மின்னும். அந்த இறுகிய ஓரம்தான் அடுத்த பிதுங்கலைத் தடுக்கும் சுவர். இந்தத் தேய்ப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

மேல்பக்கம் வழவழப்பாகி, வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் கட்டியின் பொடி பிடிக்கவில்லை என்றால் உப்புத்தாளால் மெதுவாகத் தட்டிச் சொரசொரப்பாக்குங்கள். உண்மையிலேயே தட்டையாகிவிட்டால் மட்டும் வளைவு வரும்வரை ராவலாம். சாக்கை ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தூரிகை பிடிப்பதுபோல லேசாகத் தடவுங்கள். திருகித் துளைத்தால் சாக்கில் குழிதான் விழும், டிப் முழுக்கச் சீராகப் பூச்சு ஏறாது.

டிப்பின் பக்கச்சுவர் தேய்ந்து ஒரு மில்லிமீட்டர் உயரம்தான் மிச்சம் என்றாகிவிட்டால் மாற்றித்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் வளையமே பந்தில் படும். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, வளையத்தின் முகமும் புது டிப்பின் அடிப்பக்கமும் சமமாக உட்காருகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் ஒட்டாதீர்கள். ஒட்டிய பின் ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது.

புது டிப் முதல் சில நாட்களில்தான் அதிகமாகப் பிதுங்கும். பயப்பட வேண்டாம். அப்போதே ஓரத்தை மறுபடி சீவி இறுக்கிவிட்டால், அதன் பிறகு வெகுநாள் பிளேடை எடுக்க வேண்டியிருக்காது.