முதல் கார் வாங்கும் தம்பி தங்கைகளுக்கு: லாக் கார்டை முதலில் பாருங்கள்

போன சனிக்கிழமை எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகன், சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் நான் வேலை செய்யும் வொர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஓட்டுநர் உரிமம் கிடைத்து மூன்றே வாரம். "அண்ணே, 24,000 வெள்ளிதான். கையிலிருந்து 7,200 போட்டால் போதுமாம். என்ஜின் சத்தத்தை மட்டும் ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க" என்று, தான் வாங்க நினைத்த பழைய காரின் வீடியோவைப் போனில் காட்டினார். சத்தம் நன்றாகவே இருந்தது. சிஓஇ, அதாவது காரை வைத்திருக்க அரசு தரும் உரிமைச் சான்றிதழ், இன்னும் எவ்வளவு காலம் பாக்கி என்று கேட்டேன். "ரெண்டு வருஷம். அப்புறம் புதுப்பிச்சுக்கலாம்னு சொன்னாங்க."

காரின் பதிவு விவரங்கள் உள்ள ஆவணமான லாக் கார்டை வாங்கிப் பார்த்தேன். ஏற்கெனவே ஒருமுறை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇ அது. அதை மறுபடி புதுப்பிக்க முடியாது.

இதே தவறை நானும் செய்தவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள், ஏசியைப் போட்டுப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விலை குறைவு என்று நம்பி, மிச்சமுள்ள காலத்தைப் பார்க்காமல் வாங்குவது

சிங்கப்பூரில் காரின் விலையில் பெரும்பங்கு சிஓஇக்குப் போகிறது. புதிய காருக்கு அது 10 ஆண்டு செல்லும். முடிந்ததும் காரைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும், அல்லது 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்க வேண்டும். 5 ஆண்டு என்று எடுத்துவிட்டால் அதோடு காரின் ஆயுள் முடிந்தது. பத்தாண்டுக்குள் பதிவை நீக்கினால் பார்ஃப் என்று ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். சிஓஇயைப் புதுப்பித்த காருக்கு அந்தத் தொகையும் கிடையாது.

இப்போது கணக்குப் போடுங்கள். அந்தத் தம்பியின் கார் 24,000 வெள்ளி, இரண்டு வருஷம், பார்ஃப் இல்லை. ஆக வருஷத்துக்கு 12,000. இன்னொரு கார் 57,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் பாக்கி, கடைசியில் பார்ஃப் 7,500. மிச்சம் 50,000; வருஷத்துக்கு 10,000. விலைச்சீட்டில் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிற கார்தான் உண்மையில் மலிவு!

மாதத் தவணையிலும் அதே கதைதான். ஓஎம்வி, அதாவது இறக்குமதியாகும்போது சுங்கத்துறை போடும் மதிப்பு, 20,000 வெள்ளிக்கு மேல் போகாத காருக்கு விலையில் 70 விழுக்காடு வரை கடன் வாங்கலாம். 16,800 வெள்ளிக் கடனை இரண்டே வருஷத்தில் அடைத்தால், வட்டி போக மாதம் 700. 40,250 வெள்ளிக் கடனை ஐந்து வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 671. முதலில் கட்டும் பணம் 7,200க்குப் பதில் 17,250 என்பது உண்மை. அந்தப் பணம் சேரும் வரை எம்ஆர்டி ரயிலில் போங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பதின்மூன்று வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் 40 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு. பதினான்கைத் தாண்டினால் 50. இதை அந்த விற்பனையாளர் சொல்லவே இல்லை.

என் கதைக்கு வருகிறேன். நான் வேலை பழகி மூன்றாவது வருஷம். சத்தத்தைக் கேட்டே என்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தில், ஒரு வருஷம் பத்து மாதம் மட்டுமே பாக்கி இருந்த சின்ன கார் ஒன்றை வாங்கினேன். என்ஜின் மவுண்ட், வாட்டர் பம்ப், நான்கு டயர் எல்லாம் புதிதாகப் போட்டேன். லாக் கார்டை ஒழுங்காகப் படிக்கவில்லை. கெடு முடிந்த அன்று டயரில் பாதிக்கு மேல் பட்டன் இருந்தது, என்ஜின் ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. அந்தக் காரை நானே ஓட்டிப் போய் ஸ்கிராப் யார்டில் விட்டேன். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்தபோது, அவர் இருந்த இடத்தில் பசை வட்டமாகத் தெரிந்தது. பிள்ளையாரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கும் யாராவது "புதுப்பிச்சுக்கலாம்" என்று சொல்லிக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

லாக் கார்டில் நான்கைத் தேடுங்கள்: சிஓஇ முடியும் நாள், பார்ஃப் தகுதி, ஓஎம்வி, எத்தனை கை மாறியது. தர மறுத்தால் அந்தக் கார் வேண்டாம்.

பார்த்த அன்றே முன்பணம் கட்டுவது

கட்டாதீர்கள்.

யார் விற்கிறார்கள் என்று கேட்காமல் இருப்பது

கடையில் நிற்கிற கார் எல்லாம் கடைக்காரருடையது இல்லை. தனியார் ஒருவர் தன் காரை விற்றுத் தரச் சொல்லிக் கன்சைன்மென்ட்டில் விட்டிருக்கலாம். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம், வியாபாரியிடம் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். தனியாரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தத்தில் விற்பவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தாழ்த்திய சஸ்பென்ஷன், மாற்றிய எக்ஸாஸ்ட்

தொடவே வேண்டாம்.

காப்புறுதியைக் கடைசியில் விசாரிப்பது

புதிய ஓட்டுநருக்கான முக்கோணத் தகடு ஒட்டி ஓட்டும் முதல் வருஷத்தில் காப்புறுதிக் கட்டணம் கூடுதலாகத்தான் இருக்கும். விபத்து நடந்தால் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய 'எக்சஸ்' தொகையும் அனுபவமில்லாதவருக்கு அதிகம். கார் எண்ணைக் கொடுத்து இரண்டு மூன்று இடத்தில் முதலில் விலை கேளுங்கள்.

கட்டாயச் சோதனையில் தேறியதே போதும் என்று இருப்பது

மூன்று வயதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் நடக்கும் சோதனை அது. பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. வாங்குபவருக்கென்றே விகாம், எஸ்டிஏ என்ற வாகனச் சோதனை நிலையங்களில் தனிச் சோதனை செய்து தருகிறார்கள். அதற்குக் காசு கொடுங்கள்.

அதற்கு முன் நீங்களே பார்க்கலாம். பூட் விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயர் குழியில் தகடு நெளிந்திருக்கிறதா, ஈரமோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் 40,000 கிலோமீட்டர் காட்டினால் சந்தேகப்படுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். வேறொரு நாள் போங்கள்.

அந்தத் தம்பி நல்லவேளையாக இன்னும் பணம் கட்டியிருக்கவில்லை. நேற்று மூன்று கார்களின் லாக் கார்டை அனுப்பினார். ஒன்றைக் கழித்துவிட்டேன். மற்ற இரண்டும் உபி வட்டாரத்துக் கார் கடையில் நிற்கின்றன. வரும் சனிக்கிழமை, கடை திறக்கும் நேரத்துக்கே இருவரும் போகிறோம்.