தேயிலை இல்லாமல் தேநீர் மணம்: எலெனா பாணியில் ஒரு சிறு சென்ட் கூட்டு

பிரான்சின் கிராஸ் ஊரைச் சேர்ந்த ழான்-க்ளோத் எலெனா, 1992-இல் புல்காரி என்ற நகை நிறுவனத்துக்காகப் பச்சைத் தேநீர் வாசனையில் ஒரு சென்ட் செய்தார். பிறகு 2004 முதல் பல ஆண்டுகள் எர்மெஸ் நிறுவனத்தின் வாசனைக் கலைஞராக இருந்தார். மற்றவர்கள் ஆயிரம் பொருள்களை அலமாரியில் அடுக்கியிருக்க, அவருக்கு இருநூறு சொச்சமே போதுமாக இருந்தது. அவர் வழியைப் பழக நாலு பொருள் போதும்.

முதலில் ஹெடியோன், பீட்டா-அயனோன் என்ற இரண்டு வாசனை வேதிப்பொருள்களையும் தனித்தனிப் புட்டியில் 10 சதவீதமாக நீர்க்கவும்: 1 கிராம் பொருளுக்கு 9 கிராம் சென்ட் ஆல்கஹால். சானிடைசர் வேண்டாம், அதற்கென்று ஒரு நெடி உண்டு. சொட்டு எண்ணியும் அளக்காதீர்கள். கெட்டியான பொருளின் சொட்டும் நீர்த்ததன் சொட்டும் ஒரே எடை இல்லை. 0.01 கிராம் காட்டும் தராசு கட்டாயம்.

இரண்டு காகிதப் பட்டைகளைப் புட்டிக்கொன்றாகத் தோய்த்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு முகருங்கள். ஹெடியோன் மெல்லிய மல்லிகைக் காற்று மாதிரி இருக்கும். ‘ஒன்றுமே வரவில்லையே’ என்று அளவைக் கூட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. 1966-இல் வந்த ‘ஓ சொவாழ்’ என்ற சென்ட்டில் ருத்னிட்ஸ்கா என்ற வாசனைக் கலைஞர் ஹெடியோனைப் பயன்படுத்திய பிறகுதான் இதன் அருமை ஊருக்குத் தெரிந்தது. அயனோன் வயலட் பூ வாடை. சில நொடியில் மூக்கு மரத்துப்போகும். பிறவியிலேயே இதைச் சரியாக உணராதவர்களும் உண்டு. அதனால் இன்னொருவரிடமும் முகரக் கொடுங்கள். இப்போது இரண்டு பட்டைகளையும் விசிறிபோல் சேர்த்துப் பிடித்து மூக்கின் முன் ஆட்டுங்கள். மல்லிகையும் வயலட்டும் பின்வாங்கி, தேநீர்க் கோப்பையின் ஆவி மாதிரி ஒன்று எழும்.

பிடித்துவிட்டதா? அடுத்தது 5 கிராம் கூட்டு: நீர்க்காத ஹெடியோன் 3 கிராம், பெர்கமாட் (ஒரு வகை நாரத்தை) எண்ணெய் 1 கிராம், லினலூல் (லாவெண்டரில் உள்ள வாசனைப் பொருள்) 0.5, 10 சதவீத அயனோன் 0.5. பெர்கமாட்டில், வெயில் பட்டால் தோலைச் சுடும் ஃபுரோகூமரின் என்ற பொருளை நீக்கிய வகையையே வாங்குங்கள். சாதாரண வகை தோலில் பட்டு வெயில் ஏறினால் கருத்துப் புண்ணாகும். வயலட் தலைதூக்கினால் அயனோனை 0.3-க்கு இறக்குங்கள். ஒரு தடவையில் ஒரு பொருளின் அளவை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இனிதான் எலெனா பாணியின் சோதனை. ஒரு பொருளை விட்டுவிட்டு மறுபடி கலந்து, பழையதோடு ஒப்பிட்டு முகருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தப் பொருளுக்கு ஃபார்முலாவில் வேலை இல்லை. இங்கே லினலூலை எடுத்துப் பாருங்கள்: பெர்கமாட் முதல் சில நிமிடத்தில் போனதும் நடுவில் ஒரு பள்ளம் விழும். ஆக அதற்கு இடம் உண்டு.

2005-இல் எர்மெஸுக்காகச் செய்த நைல் தோட்ட சென்ட்டுக்கு எலெனாவுக்குப் பொறி கிடைத்தது எகிப்தின் அஸ்வானில் மரத்தில் தொங்கிய மாங்காயில். நமக்கு அது கொல்லைப்புறச் சமாச்சாரம். காம்பைக் கிள்ளியதும் வரும் பால் நெடி, புளிப்பு, பச்சை இலை வாடை மூன்றையும் முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு அடுத்த கூட்டுக்குப் பொருள் தேடுங்கள்.

நம் தேநீர்க் கூட்டு இரண்டு வாரம் இருட்டில் ஊறட்டும். பிறகு 1 பங்குக்கு 9 பங்கு ஆல்கஹால் சேர்த்து இன்னும் இரண்டு வாரம். கலங்கினால் பெரும்பாலும் ஆல்கஹாலில் தண்ணீர் அதிகம் என்று பொருள். ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, குளிர்ச்சி போவதற்குள் வடிதாளில் வடித்தால் தெளியும். புட்டியில் தேதியும் எடைகளும் எழுதி ஒட்டுங்கள்.