செட்டிநாட்டில் பால்புதுமையர் (திருநங்கையர், தன்பாலீர்ப்பாளர் போன்றோர்) வாய்மொழி வரலாறு: பேட்டி எடுக்கப் போகும் மாணவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒருவரை அடையாளம் சொல்லப் பெயரே தேவையில்லை. விலாசத்தில் (குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகளில்) இரண்டு எழுத்து, இல்லையென்றால் "கண்டனூர்க் கல்யாணங்களுக்குச் சமைக்கப் போறவர்" என்று ஒரு வரி போதும். டீக்கடையில் இருப்பவர் ஆளைச் சொல்லிவிடுவார். பெயரை மாற்றிவிட்டோம், பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு.

முதல் சந்திப்புக்கு ரெக்கார்டர் வேண்டாம். எதற்காகக் கேட்கிறோம், யார் கேட்பார்கள், பதிவு எங்கே இருக்கும் என்பதை மட்டும் பேசிவிட்டு வாருங்கள். திருநங்கையரிடம் போகும்போது ஜமாத்தின் (அவர்கள் குடும்பம் போல் சேர்ந்திருக்கும் குழுவின்) மூத்தவரிடம், அதாவது குருவிடம், முதலில் சொல்வது மரியாதை. ஆனால் குரு தலையாட்டினால் அவருடைய சேலாவும் (சிஷ்யையும்) சம்மதித்துவிட்டார் என்று ஆகாது. சேலாவிடம் தனியாகக் கேளுங்கள். தன்பாலீர்ப்பாளர்களில் பலர் கல்யாணமாகி, வீட்டுக்குத் தெரியாமல் வாழ்பவர்கள். அவர்களுக்கு நேரமும் இடமும் அவர்களே சொல்லட்டும். நீங்களாக போன் செய்யாதீர்கள். 18 வயது நிரம்பாதவர்களைப் பேட்டி எடுக்க வேண்டாம்.

சம்மதப் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். குரல், எழுத்துப்படி (பேச்சைக் கேட்டு எழுதியது), படம், உண்மைப் பெயர், இணையம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் வையுங்கள். "10 வருஷம் கழித்துத் திறக்கலாம்", "என் காலத்துக்குப் பிறகு" என்பவையும் வேண்டும். ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை: கையெழுத்துப் போட்ட அந்தத் தாளே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதைப் பதிவோடு சேர்த்து வைக்காதீர்கள். படிவத்தைப் பேட்டி முடிந்த பிறகு மறுபடி எடுத்துக் காட்டுங்கள். என்ன பேசப் போகிறோம் என்பது முன்னால் அவருக்கே தெரியாது அல்லவா?

இடம்தான் இங்கே தலைவலி. செட்டிநாட்டு வீட்டில் உயர்ந்த கூரை, வழவழப்பான சுவர், ஆத்தங்குடிக் கல் தரை எல்லாம் சேர்ந்து குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஆக்கிவிடும். வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) உட்கார்ந்து பேசினால் சுற்றியுள்ள அத்தனை அறைக்கும் கேட்கும். அது எதிரொலியைவிட மோசம். சின்ன அறையாகப் பாருங்கள். உள்ளே நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். சத்தம் இழுத்துக்கொண்டு நின்றால் தரையில் ஜமுக்காளம் விரித்து, சுவர் ஓரம் தலையணை, மெத்தை அடுக்குங்கள். சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் இது கொடுமைதான், அதனால் அரை மணிக்கு ஒரு தடவை இடைவெளி விடுங்கள். கோயில் திருவிழா நாள் என்றால் ஒலிபெருக்கி வேறு; தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். டபிள்யூஏவி (சுருக்கப்படாத ஒலி) கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி ஆகும். உரத்த பேச்சில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் சரி. பூஜ்யத்தை எட்டினால் குரல் கிழியும், பிறகு சரிசெய்ய முடியாது. போனில் பதிந்தால் ஃப்ளைட் மோடில் போடுங்கள். தொடக்கத்தில் பெயர் சொல்லாமல் குறியீட்டு எண்ணும் தேதியும் மட்டும் சொல்லுங்கள்.

"நீங்க இப்படின்னு எப்போ உங்களுக்குத் தெரிஞ்சது?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு எல்லோரும் முன்பே தயாரித்த பதில் வைத்திருப்பார்கள். அறுவை சிகிச்சை பற்றி நீங்களாகக் கேட்கவே கூடாது. "கூவாகத்துக்கு முதல் தடவை யாரோட போனீங்கக்கா? எங்க தங்குனீங்க?" என்று கேளுங்கள், பஸ், சேலை, பணம், போலீஸ் எல்லாம் தானாக வரும். பதில் நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

மாதமோ வருஷமோ நினைவில்லை என்றால் காரைக்குடி கொப்புடையம்மன் தேரோட்டத்துக்கு முன்னாலா, எம்ஜிஆர் இறந்ததற்குப் பிறகா என்று கேட்டு நெருங்கலாம். "சட்டம் மாறிடுச்சு" என்றால் எது என்று கவனியுங்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு விஷயத்தில் 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அது குற்றமில்லை என்றது, 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது, 2018 செப்டம்பர் 6-ல் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றத்தின் மூன்றாம் பாலின அங்கீகாரம் 2014 ஏப்ரல் 15. அவர் வருஷத்தை மாற்றிச் சொன்னாலும் திருத்தாதீர்கள்; எழுத்துப்படியில் குறிப்பு போட்டால் போதும்.

சொல்லிலும் அதே கவனம் வேண்டும். 'திருநங்கை' பரவியது 2000-க்குப் பிறகு. 80-களைப் பற்றிப் பேசும்போது அவர் 'அலி', 'கோத்தி' (பெண் தன்மையுள்ள ஆண்களைக் குறிக்கும் குழூஉச் சொல்) என்றால் எழுத்துப்படியில் அப்படியே இருக்கட்டும். அதற்காக உங்கள் கேள்வியில் 'அலி' வரக் கூடாது.

அன்று மாலையே மூன்று பிரதி எடுங்கள்: இரண்டு வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு கட்டடத்தில். குறியீட்டு எண்ணுக்கு யார் என்ற பட்டியலை ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். இலவச இணையச் சேவைகளில் ஒலியை ஏற்றி எழுத்தாக்க வேண்டாம். கையால் எழுதினால் ஒரு மணிப் பேச்சுக்கு ஆறு முதல் எட்டு மணி ஆகும்.

பிறகு மறைக்கும் வேலை. "பெரிய வீட்டு மூணாவது மகன் பர்மாவிலிருந்து வந்த வருஷம்" என்ற வரியில் பெயரே இல்லை, ஆனால் ஒரு குடும்பமே தெரிகிறது. "ஒரு வீட்டு மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது" என்று ஆக்குங்கள். பேசியவர் சம்மதித்தாலும் அவர் குறிப்பிட்ட மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. இறந்தவராக இருந்தாலும் பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள். திருத்திய படியை அவரிடமே கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டி, அவர் வெட்டச் சொன்ன இடத்தைக் காரணம் கேட்காமல் வெட்டுங்கள்.